குருவி குளித்த தண்ணீர்

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. எப்போதும்போல அம்மா எழுதுவது என்று இல்லாமல் என் பேரில் தொடங்கியதைப் பார்த்ததும் வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்திருப்பாய். பயப்படாதே, யாருக்கும் ஒன்றுமில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி வழக்கம்போல இருக்கிறது. ஒரு நாள் வீட்டில் இரு என்றால் கேட்கிறாளா? கொழுந்து வேலைக்குப் பேர் கொடுக்க விடியும் முன்னே பெரட்டுக்குக் கிளம்பிவிடுகிறாள். எனக்கு இருமல் குறைந்துவிட்டது. கந்தப்பளையில் மழை பெய்து ஐந்து வாரம் ஆகிறது. லயத்து வீட்டு வரிசைக்கு வருகிற பீலியில் தண்ணீர் விரல் தடிப்பத்துக்குத்தான் விழுகிறது, ஆனாலும் விழுகிறது. செய்தி இவ்வளவுதான். இனி எழுதப் போவது செய்தி இல்லை.

கல்யாணமாகிப் போன நாலு மாதத்தில் நீ எழுதிய நாலு கடிதமும் அம்மா பெயருக்கே வந்தன. அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. வாசல் இஸ்தோப்பில் அவளை உட்கார வைத்து நான்தான் சத்தமாக வாசிக்கிறேன். "அப்பா இருமலுக்கு மருந்து எடுக்கிறாரா என்று கேட்டு எழுதுங்கள்" என்று வாசிப்பேன். அம்மா என் பக்கம் திரும்பி, "கேக்குறால்ல, சொல்லுங்க" என்பாள். எடுக்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு, "அப்பா மருந்து எடுக்கிறார்" என்று பதிலையும் நானே எழுதுவேன். என்னைப் பற்றி நானே அடுத்த வீட்டுக்காரன் மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறேன். வெளி ஆள் கேட்டால் சிரிப்பான். நமக்கு இது பழகிப்போய்விட்டது, பன்னிரண்டு வருஷமாகப் பழகியது. உன் கல்யாணத்தன்று நீ எங்கள் இரண்டு பேர் காலிலும் விழுந்து எழுந்து, பக்கத்தில் நின்ற என்னை விட்டுவிட்டு, "அப்பாவ ஒடம்பப் பாத்துக்கச் சொல்லுங்கம்மா" என்று அம்மாவிடம்தான் சொன்னாய். அம்மா அழுதுகொண்டே அதை எனக்குத் திருப்பிச் சொன்னாள்.

போன வாரம் வந்த கடிதத்தில், இந்தப் பக்கமும் மழை இல்லை, வீட்டுக்குப் பின்னால் ஒரு பேசினில் குருவிகளுக்குத் தண்ணீர் வைத்திருக்கிறேன், பத்து நாளாக ஒன்றுகூட இறங்கவில்லை, துரை பங்களாத் தோட்டத்தில் அப்பா எப்படி வைப்பார் என்று கேட்டு எழுதுங்கள் என்று இருந்தது. அம்மா வழக்கம்போல "கேக்குறால்ல, சொல்லுங்க" என்றாள். தண்ணீர் வைப்பதை மட்டும் சொல்லி எழுதிவிடலாம், அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். ஆனால் குருவித் தண்ணீரைப் பற்றி உனக்கு நான் எழுதுவதென்றால், உன்னைப் பொய்க்காரி ஆக்கியதையும் எழுதாமல் எப்படி முடிப்பேன்? கடிதத்தைத் தகரப் பெட்டியில் வைத்துவிட்டு நாலு நாள் சும்மா திரிந்தேன்.

முதலில் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நீ வைத்திருப்பது நாம் சீராகக் கொடுத்த அந்த நீலப்பூப் போட்ட எனாமல் பேசினாகத்தான் இருக்கும். அது பிள்ளையைக் குளிப்பாட்டும் பேசின். குருவிக்கு அது கிணறு. ஆழம் தெரியாத தண்ணீரில் எந்தக் குருவியும் காலை வைக்காது, அதன் கால் நீளத்துக்குத்தான் அதற்குத் தைரியம். சுண்டுவிரலைச் செங்குத்தாக நிறுத்தினால் பாதி நனைய வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். எனாமல் வழுக்கும். உடைந்த மண்சட்டியின் அடிப்பாகம் கிடைத்தால் எடுத்துக்கொள். சொரசொரப்பான தட்டைக் கல் ஒன்றை நடுவில் போட்டு அதன் முதுகு மட்டும் வெளியே தெரியும்படி வை. முதலில் அந்தக் கல்லில் வந்து உட்காரும், குனிந்து இரண்டு வாய் குடிக்கும், நாலு பக்கமும் பார்க்கும், அப்புறம்தான் இறங்கும். வைக்கிற இடமும் முக்கியம். சுவரோரம் புதர் பக்கத்தில் வைத்தால் உங்கள் லயத்துப் பூனைகளுக்கு நீ விருந்து வைத்தவள் ஆவாய். வெட்டவெளியில் வை. பத்து எட்டுத் தள்ளி ஒரு மரமோ வேலியோ இருக்கட்டும், நனைந்த குருவி பறந்து போய்ச் சிறகு உலர்த்த அது வேண்டும்.

இன்னொன்று, குருவி தண்ணீரைக் கண்ணால் தேடுவதைவிடக் காதால் தேடுகிறது. பங்களாவில் தோட்டக்காரனாக இருந்தபோது அது எனக்குப் பிடிபட ஒரு வருஷம் ஆனது. பழைய பால் டின் ஒன்றின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, ஓட்டையில் ஒரு நூல் திரியைச் செருகி, தண்ணீர் ஊற்றிச் சட்டிக்கு மேலே தொங்கவிடு. சொட்டுச் சொட்டாக விழட்டும். அந்தச் சத்தம் கேட்டால் கொண்டைக்குருவி முதலில் வரும், அது கொஞ்சம் துணிச்சல்காரி. அது குளித்துவிட்டுப் போவதைப் பார்த்து மற்றவை வரும். தண்ணீரைத் தினமும் மாற்று. சட்டியைத் தேங்காய்ப் பொச்சால் தேய், சோப்புப் போடாதே. மாற்றுகிற நேரத்தையும் மாற்றாதே. ஒரு மாதம் ஆனாலும் பொறுத்திரு. எனக்குப் பொறுமையைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை என்று நீ நினைத்தால், அதுவும் சரிதான்.

பங்களாத் தோட்டத்தில் இருந்த அந்தக் கல்தொட்டி உனக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு படி வைத்துச் செதுக்கியது, ஓரத்தில் விரலளவு ஆழம், நடுவில் ஒரு சாண். நாலு வாளி கொள்ளும். இப்போது தோட்டத்தை நிர்வகிக்கிற துரை நம் நாட்டுக்காரர், அவர் வீட்டில் அதில் மண்ணைக் கொட்டி ரோஜா வைத்திருக்கிறார்கள். அப்போது வெள்ளைக்காரத் துரைசாணிக்கு அந்தத் தொட்டிதான் உயிர். காலையில் விறாந்தையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பனி விழுகிற மாதத்தில் தொட்டியின் மேல் ஐஸ் பிடித்துக் கிடக்கும். கொதிதண்ணீர் ஊற்றினால் கல் வெடித்துவிடும். நான் கை பொறுக்கும் சூட்டில் ஒரு செம்பு ஊற்றி, ஐஸை அப்படியே தகடாகத் தூக்கி எடுப்பேன். அதை அவள் மற்றத் தோட்டத்துத் துரைசாணிகளிடம் சொல்லிப் பெருமைப்படுவாள். பெருமை அவளுக்கு மட்டுமா, எனக்கும்தான். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட அந்தப் பச்சைக் குருவிகள் பத்துப் பன்னிரண்டு ஒரே நேரத்தில் இறங்கித் தண்ணீரை வாரி இறைக்கும்போது, நானே அவற்றைப் பெற்றுப்போட்டவன் மாதிரி நிற்பேன்.

நீ ஒன்பது வயதாக இருந்தபோது வந்த வறட்சி இந்த வருஷத்தைப் போலல்ல. தை பிறந்ததில் இருந்து ஒரு தூறல் இல்லை. இராத்திரிப் பனியில் கொழுந்து கருகிப்போனது. மாசி தொடங்கும்போது பீலி நின்றே போனது. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு கீழ் ஆற்றுக்கு ஒரு மைல் இறங்கி ஏறினார்கள். அங்கேயும் கலங்கல்தான். மேல்மலைத் தொட்டியில் இருந்த தண்ணீர் தேயிலை ஸ்டோருக்கும் பங்களாவுக்கும் மட்டும் என்று உத்தரவு. பங்களாக் குழாயில் இருந்து லயத்துக்கு ஒரு செம்பு போனாலும் வேலை போய்விடும் என்று துரை சொல்லியிருந்தார். பங்களாவில் சமைக்கிற அப்புவிடம் குழாய்ப் பூட்டின் சாவி இருந்தது. அந்த ஆள் கெட்டவன் இல்லை, பயந்தவன். துரைசாணி என்னைக் கூப்பிட்டு, ரோஜா செத்தாலும் பரவாயில்லை, குருவிகளுக்கு மட்டும் குறை வைக்காதே என்றாள். நானும் வைக்கவில்லை. உன் அம்மா கலங்கல் தண்ணீரைச் சேலைத் தலைப்பில் வடிகட்டிக்கொண்டிருந்த நேரத்தில், நான் குருவிகளுக்குத் தெளிந்த தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அது என் நெஞ்சில் உறைக்கவே இல்லை. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

உறைத்தது உனக்குத்தான். ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை என்று என்னோடு பங்களாவுக்கு வந்தாய். சைப்ரஸ் வேலியோரம் குந்திக்கொண்டு, எத்தனை வந்தது எத்தனை போனது என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாய். அப்போதெல்லாம் உனக்கு வாய் ஓயாது. லயத்தில் இருந்து பங்களா வாசல் வரை பேசிக்கொண்டே வருவாய், நான் 'ஊம்' போடாவிட்டால் முதலில் இருந்து தொடங்குவாய். நான் பழைய தண்ணீரை வாளியில் அள்ளிப் பாத்தியில் கொட்டப் போனேன். நீ எழுந்து வந்து வாளியை எட்டிப் பார்த்தாய். இது ஆற்றுத் தண்ணீரைவிடத் தெளிவாக இருக்கிறதே, இதை வீட்டுக்குக் கொண்டு போனால் என்ன, குழாய்த் தண்ணீரைத்தானே எடுக்கக்கூடாது என்றாய். நான் வாளியைக் கீழே வைத்துவிட்டேன். முப்பத்தைந்து வயது ஆளுக்குத் தோன்றாதது உனக்குத் தோன்றியது. அந்த யோசனை முழுக்க உன்னுடையது.

அன்றில் இருந்து மூன்று வாரம் அந்தக் குருவிகள் ராஜபோகமாகக் குளித்தன. ஒரு தரம் மாற்றிய தண்ணீரை நாளுக்கு மூன்று தரம் மாற்றினேன். குருவிக்குப் புதுத் தண்ணீர்தான் பிடிக்கும் என்று அப்புவிடம் சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான், ஆனாலும் சாவியைக் கொடுத்தான். அள்ளிய தண்ணீரைப் பழைய வேட்டியை நாலாக மடித்து வடிகட்டி, இரண்டு மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஊற்றி, மேலே இலைதழையைப் போட்டு மூடி, காவடித்தடியில் மாட்டிக்கொண்டு பின்வழியாக இறங்குவேன். பங்களாத் தண்ணீர், வெளியே சொல்லாதே என்று அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. அவள் எதிர்க் காம்பரா வீட்டு மாரியாயிக்கு ஒரு குடம் கொடுத்தாள், மாரியாயி அடுத்தவளுக்கு அரைக் குடம் கொடுத்தாள். கொஞ்ச நாளில் லயமே என்னைக் கண்டால் வழி விட ஆரம்பித்தது. காய்ந்து கிடந்த பீலியடியில் ஒரு பெண் என் முகத்துக்கு நேராகவே, நீங்கள் நல்லா இருக்கணும் என்றாள். என் ஆயுளில் யாரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை. தலை கொஞ்சம் கனத்துவிட்டது.

அது காமன் கூத்து மாதம். பொட்டலில் கம்பம் ஊன்றி விரதம் தொடங்கியாகிவிட்டது. மன்மதனும் ரதியுமாக வேஷம் கட்டுகிறவர்கள் காலையும் மாலையும் தலைக்கு ஊற்றிக்கொண்டு, எச்சில் தீட்டு எதுவும் படாமல் சுத்தபத்தமாக இருக்க வேண்டும். அந்த வருஷம் ரதி வேஷம் மாரியாயியின் புருஷன் சின்னையாவுக்கு. ஆறு கலங்கி, பீலி நின்று கிடக்க, அவர்கள் குளித்தது முழுக்க நான் சுமந்த தண்ணீர். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். குருவி வாய் வைத்து, இறங்கிப் புரண்டு, எச்சமும் போட்ட தண்ணீர். வயிற்றுத் தாகத்துக்கு அது தப்பில்லை, சாமி காரியத்துக்கு ஆகாது என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் கொடுத்தேன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்களே. எல்லோரும் கும்பிடுகிற ஆளாக இன்னும் பத்து நாள் இருக்கலாமே என்ற ஆசையும் இருந்தது.

பொழுது சாய்கிற நேரம். லயத்து ஆட்கள் எல்லோரும் பொட்டலில் கூடியிருந்தார்கள். கணக்கப்பிள்ளையும் வந்து ஓரமாக நின்றார். கூத்து வாத்தியார் என்னை முன்னால் கூப்பிட்டு, ஒரு துண்டை எடுத்து என் தலையில் தலைப்பாகையாகக் கட்டினார். இவர் தண்ணீர் சுமந்து வராவிட்டால் இந்த வருஷம் கம்பத்துக்கு முன்னால் நிற்கவே நமக்கு வக்கில்லை என்று சொன்னார். எந்தச் சுனையில் இருந்து எடுத்து வருகிறீர்கள் என்று யாரோ கேட்டார்கள். நான் மழுப்பிச் சிரித்தேன். நீ அம்மாவின் கையை உதறிவிட்டு முன்னால் ஓடி வந்தாய். உன் முகத்தில் இருந்த சந்தோஷம் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. அப்பாவுக்குக் கிடைக்கிற மரியாதையில் உனக்கும் பங்கு இருக்கிறது என்று நீ நினைத்தாய். இருந்தது.

"சொனை இல்ல. அது எங்க குருவிங்க குளிச்ச தண்ணி" என்றாய். "அப்பா அதுங்களுக்கு மூணு தரம் புதுசா ஊத்துவாரு. பழச வடிகட்டி நமக்குக் கொண்டாருவாரு. நாந்தான் சொன்னேன்."

நான் உன்னை அடித்தேன். ஒன்று இல்லை, இரண்டு அறை. இரண்டாவதில் நீ கீழே விழுந்தாய். "பொய் பேசுறா. இவளுக்கு எப்பவும் இதே வேல, யாரும் காதுல வாங்காதீங்க" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். நீ எழுந்து பாவாடையில் இருந்த மண்ணைத் தட்டினாய், அழவில்லை. "நான் பொய் சொல்லலப்பா" என்றாய். நீ என் முகத்தைப் பார்த்து அப்பா என்று கூப்பிட்டது அதுதான் கடைசி. பிறகு வாத்தியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தப்புக்காரர்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். தப்பு முழங்கியது, கூத்து நடந்தது. தலைப்பாகை என் தலையிலேயே இருந்தது.

கணக்கப்பிள்ளை நின்றாரே, துரை காதுக்குப் போனால் வேலை போய்விடும், லயத்தைவிட்டு இறக்கிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் அடித்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தப் பயமும் இருந்ததுதான். ஆனால் என் கையை ஓங்க வைத்தது அது இல்லை, மகளே. தலையில் கட்டிய துண்டு அவிழ்ந்து விழுந்துவிடுமே என்று அடித்தேன். பயத்தில் அடித்திருந்தால் வீட்டுக்கு வந்ததும் உன்னை மடியில் போட்டுக்கொண்டு உண்மையைச் சொல்லியிருப்பேன். நான் அதுவும் செய்யவில்லை. அடுத்த நாள் நீ என்னோடு பங்களாவுக்கு வரவில்லை. அந்த வாரமும் வரவில்லை. பிறகு எப்போதுமே வரவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உன்னைக் 'குருவித்தண்ணி' என்று கூப்பிட்டார்கள். நீ எதைச் சொன்னாலும், மெய்யா குருவித்தண்ணியா என்று கேட்டுச் சிரித்தார்கள். அதைக் கேட்டுக்கொண்டே நான் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து போயிருக்கிறேன். ஒரு வார்த்தையில் அதை நிறுத்தியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டே உனக்குக் கல்யாணமும் செய்து வைத்துவிட்டேன். பேசிக்கொண்டே நடந்து வந்த பிள்ளையை, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற பெண்ணாக்கி அடுத்த வீட்டுக்கு அனுப்பினேன். ஒற்றைப் பிள்ளை நீ. எனக்கு வேறு யாரும் இல்லை என்று தெரிந்தும் செய்தேன்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டதில் இருந்து எந்த லயத்திலும் இதே பேச்சுத்தான், யார் போவது யார் இருப்பது என்று. மாப்பிள்ளை வீட்டார் இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுக்கப் போகிறார்கள் என்று நீ இரண்டாவது கடிதத்தில் எழுதியிருந்தாய். நானும் அம்மாவும் இங்கேயே இருக்க எழுதிக் கொடுக்கப் போகிறோம். எங்கள் இரண்டு பேருக்கும் அந்த ஊரில் யாரையும் தெரியாது. உன்னை நான் தடுக்கவில்லை. புருஷன் போகிற இடத்துக்குப் போவதுதான் முறை, அவரும் நல்ல மனிதர். ஆனால் நீ கப்பல் ஏறிவிட்டால், உன்னைப் பொய்க்காரி என்று சொன்ன அப்பனைத்தான் மனதில் சுமந்துகொண்டு ஏறுவாய். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு, "அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டு எழுதுங்கள்" என்று அம்மாவுக்கு எழுதுவாய். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அங்கே வெயில் கடுமை என்கிறார்கள். அங்கும் ஒரு சட்டி வை. பூவரச மரமோ வேப்ப மரமோ பார்த்து, பாதி நிழல் விழுகிற இடமாக வை, இல்லாவிட்டால் மத்தியானம் தண்ணீர் சுட்டுவிடும். காலையும் மாலையும் இரண்டு தரம் மாற்ற வேண்டியிருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை பொட்டலுக்குப் போனேன். இந்த வருஷமும் கம்பம் ஊன்றியிருக்கிறார்கள். மத்தியான வெயிலில் பத்து இருபது பேர் கூட்டித் துப்புரவு செய்துகொண்டிருந்தார்கள். கூத்து வாத்தியாருக்கு வயதாகிவிட்டது, ஒரு கல்லில் உட்கார்ந்து வேலை ஏவிக்கொண்டிருந்தார். மாரியாயியும் சின்னையாவும் இருந்தார்கள். உன்னைக் கிண்டல் செய்த பிள்ளைகளும் வளர்ந்து, இடுப்பில் பிள்ளையோடு நின்றார்கள். "அன்னைக்கு எம் மக சொன்னது நெசம்" என்றேன். "அது குருவித் தொட்டித் தண்ணிதான். நாந்தான் பொய் சொன்னேன். புள்ளைய அடிச்சேன்." சொல்லிவிட்டு நின்றேன். யாராவது காறித் துப்பட்டும், கம்பத்தடியில் விழுந்து தெண்டம் போடு என்று சொல்லட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

மாரியாயி கூட்டுமாற்றைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பினாள். "அது எங்களுக்கு அன்னைக்கே தெரியும் அண்ணே" என்றாள். "மொத நாளே கொடத்துல சின்னதா ஒரு பச்ச எறகு மெதந்துச்சு. எடுத்துப் போட்டுட்டுத்தான் இவரக் குளிக்கச் சொன்னேன்."

சின்னையா தலையை ஆட்டினான். வாத்தியார்தான் பேசினார். தெரியும் என்று ஒத்துக்கொண்டால் விரதம் போய்விடும், கூத்து நின்றுவிடும், அதனால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம் என்றார். தண்ணீர் இல்லாத வருஷத்தில் சாமி அதைப் பெரிதாக எடுத்திருக்காது என்றும் சொன்னார். பிறகு என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு, "நீ புள்ளைய அடிச்சப்பவும் வாய மூடிக்கிட்டு இருந்தோம் பாரு, அதுதான் எங்க பாவம்" என்றார். இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் உன்னோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவள்தான். மாரியாயி என் பக்கத்தில் வந்து, "எங்ககிட்ட சொல்லி என்னண்ணே ஆகப் போவுது, அவகிட்டல்ல சொல்லணும்" என்றாள்.

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை. யாரும் நம்பாத ஒரு பொய்யைப் பன்னிரண்டு வருஷம் நான் காவல் காத்திருக்கிறேன். அந்தப் பொட்டலில் நின்ற அத்தனை பேருக்கும் உண்மை தெரியும், அதைச் சொன்னது நீ ஒருத்தி, அடி வாங்கியதும் நீ ஒருத்தி. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கும் தெரிந்திருக்குமோ என்று முகத்தைப் பார்த்தேன், கேட்கத் தைரியம் வரவில்லை. அவள் அடுப்பில் இருந்து கண்ணை எடுக்காமல், "ராகலையில எறங்கி மக ஊருக்கு அடுத்த பஸ் எத்தினி மணிக்குன்னு கேட்டுட்டு வாங்க" என்றாள்.

கேட்டுவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பினால் பத்து மணிக்குள் உடப்புசல்லாவையில் இருப்பேன், அங்கிருந்து உங்கள் தோட்டத்துக்கு நடந்து வந்துவிடுவேன். மாப்பிள்ளை, சம்பந்தி, சம்பந்தியம்மா எல்லோரையும் வீட்டில் இருக்கச் சொல். அக்கம்பக்கத்துக் காம்பராவில் வரக்கூடியவர்கள் வந்தாலும் நல்லது. கூட்டத்தின் நடுவில் அடித்துவிட்டுத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டால் அது சரியாகாது. வந்து நின்றதும் எனக்குப் பேச்சு வராமல் போகலாம், என்னை உனக்குத் தெரியும். அப்படி நான் நின்றுவிட்டால் இந்தக் கடிதத்தை எடுத்து என் கையில் கொடு. நீ உட்கார்ந்துகொள். நான் நின்றுகொண்டு வாசிக்கிறேன்.